சீனியர் சொல்லித்தான் செய்தேன், மீட்டிங்கில் என்னைக் கைகாட்டிவிட்டார்

தாராபுரத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கப்பலேறும்வரை கவனிக்கிற வேலை) இருக்கிறேன், சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். சனிக்கிழமை நடந்தது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை, நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் டி-ஷர்ட், நேவி, 18,000 பீஸ். பாடிக்கு சிங்கிள் ஜெர்சி என்கிற சாதா பனியன் துணி, கழுத்துக்கு ரிப் என்கிற இழுபடும் துணி. இரண்டும் ஒன்றாகச் சாயத்துக்குப் போனால்தான் நிறம் ஒத்துவரும், இது எனக்கும் தெரியும். ஆனால் பாடித் துணி முழுக்க டையிங் முடிந்து வந்தபிறகு எடை போட்டுப் பார்த்தால் ரிப் 40 கிலோ குறைகிறது. எவ்வளவு துணி வேண்டும் என்கிற கணக்கு, கன்சம்ப்ஷன், போட்டது என் சீனியர். நடுவில் சைஸ் ரேஷியோ (எந்த சைஸில் எத்தனை பீஸ் என்பது) மாறியபோது பாடியைத் திருத்தியவர் ரிப்பை விட்டுவிட்டார். போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நாப்பது கிலோதான, தனியாப் போட்டு எடுத்துரு, நேவில என்ன தெரியப் போகுது" என்றார். நான் டையிங்குக்கு புரோகிராம் (சாயம் போடச் சொல்லும் சீட்டு) எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையது.

லைனில் 600 பீஸ் கழுத்து வைத்தாகிவிட்டது, அதற்கு அப்புறம்தான் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அக்கா பார்த்துச் சொன்னார். பீஸை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தால் பாடி ஒரு நேவி, கழுத்து வேறு நேவி. டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தபோது யாருக்கும் தெரியவில்லை.

மீட்டிங்கில் எம்.டி., புரொடக்‌ஷன் மேனேஜர், கட்டிங் மாஸ்டர், அக்கவுண்ட்ஸ் அண்ணா எல்லோரும் இருந்தார்கள். ரிப்பைத் தனியாகப் போடச் சொன்னது யார் என்று எம்.டி. கேட்டார். சீனியர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மேஜையில் கிடந்த ஸ்வாட்ச் கார்டை (துணி மாதிரி ஒட்டிய அட்டை) புரட்டிக்கொண்டே, "இந்தப் புள்ளதாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பொட்டப் புள்ளைங்கள வெச்சு வேலை வாங்குனா இப்படித்தானுங்க" என்றார். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது. "சாரி சார்" என்றேன். ஏன் சாரி சொன்னேன்? தாராபுரம் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா, "போதும் கண்ணு, விட்டுட்டு வந்துரு" என்கிறார். நாளை திங்கட்கிழமை. வேலையை விடுவதா, அவரோடு மோதுவதா, பேசாமல் இருந்துவிடுவதா?

கோட் அடிப்பவன்:
சிஸ்டர், நேராக எச்.ஆரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எம்.டி.யை சிசியில் போடுங்கள். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு மேனேஜர் இருந்தார், மூன்று பேர் சேர்ந்து எழுதினோம், டீம் மாற்றிவிட்டார்கள். பயப்பட்டால் ஏறி மிதிப்பார்கள்.

செக்கிங் டேபிள்:
தம்பி நீங்க சென்னையா பெங்களூரா தெரியாது. இங்கே எச்.ஆர். என்றால் பஞ்சிங் மெஷின் பார்க்கிற, பி.எஃப்., இ.எஸ்.ஐ. நம்பர் போடுகிற ஒரு பையன். முக்கால்வாசி இடத்தில் அவன் சீனியருக்கு ஒன்றுவிட்ட மச்சினனாக இருப்பான். அவனிடம் போய் என்ன புகார்?

தாராபுரத்துக்காரி, நான் 14 வருஷமாக ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். முதலில் அழுகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று தோன்றுகிறது. நானும் அழுதிருக்கிறேன், மீட்டிங்கிலேயே, மூக்கு ஒழுக. வானம் இடிந்து விழவில்லை. அழுதுகொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். "சார், நான் போனில் கேட்டேன், தனியாகப் போடச் சொன்னார்" என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால்தான் தொண்டை அடைக்கும். பெரிய பேச்சுக்குத் தைரியம் வேண்டும், ஒரு வரிக்கு அவ்வளவு வேண்டாம்.

அப்புறம் அந்தப் "பொட்டப் புள்ளைங்க" பேச்சு. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போடு கலக்காதீர்கள். பெண்களுக்காக 2013இல் வந்த சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வார்த்தை மட்டும் அதற்குள் வருமா என்றால் இழுபறிதான், அது பாலியல் தொல்லைக்கான சட்டம். ஆனால் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். இப்படிப் பேசுகிறவர் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை.

பழைய மெர்ச்சண்டைசர்:
அம்மிணி, நான் இந்தத் தொழிலுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் இடத்தில் நானே நின்றிருக்கிறேன்.

2011 ஜனவரிக் கடைசியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினார்கள், நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கு, இங்கே உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். கையில் ஆர்டர், கோடவுன் முழுக்க சாயம் போடாத கிரே துணி, சாயம் போட ஊரில் இடமில்லை. லாரி பிடித்து வெளி மாநிலத்துக்கு அனுப்பினோம். எனக்கு ஒரு கருப்பு ஆர்டர். லேப் டிப்புக்கு (சாயம் போட்டுப் பார்க்கிற சின்ன மாதிரி) அப்ரூவல் வருவதற்குள், "மொத்தத் துணியையும் ஏத்தச் சொல்லு, கருப்புல என்ன இருக்கு" என்றார் மேலே இருந்தவர். சொன்னேன். வந்த கருப்பு பச்சை அடித்தது. கடைசியில் யார் சொன்னது என்றால் நான் சொன்னது. அவர் சொன்னதற்கு அத்தாட்சி இல்லை, நான் சொன்னதற்கு மட்டும் ஃபேக்ஸ் இருந்தது. நானும் உங்களைப் போலவே வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன், அதற்கப்புறம் அந்தக் கம்பெனியை விட்டுப் போகிற வரைக்கும் என் பெயர் "பச்சைக் கருப்பு".

மீட்டிங்கில் வாய் வராதது குற்றமில்லை. அன்றைக்கு ராத்திரி எழுதாமல் படுத்ததுதான் நான் செய்த தப்பு. நீங்கள் இன்னும் அந்தத் தப்பைச் செய்யவில்லை, நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. இப்படி எழுதுங்கள், தமிழோ இங்கிலீஷோ:

"சார், சனிக்கிழமை மீட்டிங்கில் ரிப் பற்றிக் கேட்டீர்கள். இந்தத் தேதியில் ரிப் 40 கிலோ குறைவதைப் பார்த்தேன். அன்று மாலை இத்தனை மணிக்கு சீனியருக்கு போன் செய்து சொன்னேன். தனியாகப் போடச் சொன்னார். மறுநாள் புரோகிராம் கொடுத்தேன். இப்போது கழுத்து வைக்காத ரிப் இத்தனை கிலோ ரோலாக இருக்கிறது. டையிங்கில் கேட்டு மதியத்துக்குள் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்."

இவ்வளவுதான். "மனவேதனை", "அவமானம்", "திட்டமிட்டு" ஒன்றும் வேண்டாம். அந்த வார்த்தைகள் உள்ளே வந்தால் படிப்பவருக்கு மணி, தேதி எல்லாம் கண்ணில் படாது, இது ஏதோ புலம்பல் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பவர்டேபிள் முதலாளி:
நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். சின்ன யூனிட், 60 பேர். எல்லோரும் எம்.டி.யைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் செய்தது என்று நான் கத்தும்போது எனக்குப் பாதி நேரம் பதில் தெரியும். கன்சம்ப்ஷன் யார் போட்டார், யார் போனில் உத்தரவு போடுகிறவர், யார் அதைக் கேட்டு எழுதுகிறவர் என்பதெல்லாம் ஒரு முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடுவது வேறு. கப்பலைப் பிடிக்க முடியுமா, இல்லை ஏரில், அதாவது விமானத்தில், போட்டு லாபத்தையெல்லாம் வாடகையாகக் கட்டப் போகிறேனா. கத்துவது அந்தப் பயத்தில் வருவது. சரி என்று சொல்லவில்லை, என் சம்சாரமே இதற்காக என்னோடு சண்டை போடுகிறாள்.

மெயில் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எனக்கு வருகிற மெயிலை நான் படிப்பதே இல்லை, ஆர்டர் கொடுக்கிற பையரோட மெயிலை மட்டும் பார்ப்பேன். உள்ளே இருக்கிற ஒரு பிள்ளை எனக்கு மெயில் போட்டால், அதுவும் சீனியரைத் தாண்டிப் போட்டால், முதலில் எனக்குத் தோன்றுவது இவர்கள் இரண்டு பேருக்கும் ஆகவில்லை என்பதுதான். நியாயம் அப்புறம்தான். அதற்குப் பதில் முதலில் அந்த சீனியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், நான் இதைச் சாரிடம் சொல்லப் போகிறேன் என்று. சொல்லிவிட்டு எம்.டி.யிடம் போங்கள். முதுகுக்குப் பின்னால் போனதாகப் பேச்சு வராது.

கோட் அடிப்பவன்:
அதாவது குத்தியவரிடமே போய் அனுமதி கேட்க வேண்டுமா? நல்ல கதை. நான் சொல்கிறேன், எல்லா போனையும் ரெக்கார்ட் பண்ணுங்கள், ஆட்டோ ரெக்கார்டிங் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

செக்கிங் டேபிள்:
ரெக்கார்ட் செய்கிறாள் என்று ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், டையிங்காரர், நிட்டிங்காரர், செக்கிங் எல்லோரும் அவளோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் மெர்ச்சண்டைசர் வேலை எப்படி நடக்கும்? வாயால்தான் இந்த ஊரே ஓடுகிறது. அனுமதி என்று முதலாளி அண்ணன் சொல்லவில்லை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போ என்கிறார். இரண்டும் ஒன்றா?

பழைய மெர்ச்சண்டைசர்:
மெயில் வேண்டாம் என்றால் வாட்ஸ்அப். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் நான் இறங்கி வரமாட்டேன். முதலாளி சொல்வது அவருக்குத் தெரியும் என்பது. அவருக்குத் தெரிந்து என்ன பயன், மீட்டிங்கில் இருந்த மற்ற மூன்று பேருக்குத் தெரியவில்லையே? இன்க்ரிமெண்ட் பேசும்போது அந்த மூன்று பேர் சொல்வதுதானே காதில் விழுகிறது.

சாயத்தண்ணி:
டையிங் மாஸ்டர் பேசுகிறேன். யார் யாரைச் சொன்னார் என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், எனக்குத் துணியைப் பற்றித்தான் தெரியும்.

கேள்வி 1: தனியாகப் போட்ட ரிப் பாடியை விட வெளுப்பா, அழுத்தமா? வெளுப்பு என்றால் பிழைத்தீர்கள், டாப்பிங் கொடுத்து, அதாவது மேலே இன்னும் கொஞ்சம் சாயம் கொடுத்து, ஏற்றலாம். அழுத்தம் என்றால் சாயத்தை எடுக்கிற ஹைட்ரோஸ் கெமிக்கல் போட்டு இறக்கி மறுபடி சாயம் போட வேண்டும், துணி பலம் போகும், ரிப் கையில் எடுத்தால் சவசவ என்று இருக்கும். கேள்வி 2: இந்த 40 கிலோ ரிப் எந்த நூல் லாட், அதாவது எந்தத் தடவை வந்த நூல்? பாடி ஓடிய அதே லாட்டா, இல்லை கோடவுனில் கிடந்த வேறு லாட்டா? நூல் லாட் மாறினால் ரெசிபியை அப்படியே போட்டாலும் சாயம் வேறு மாதிரி ஏறும். கேள்வி 3: எந்த மெஷின்? 500 கிலோ மெஷினில் ஓடிய பாடிக்கு 50 கிலோ மெஷினில் ரிப் போட்டால் தண்ணீர்க் கணக்கு மாறும், அதற்குத் தகுந்த மாதிரி ரெசிபியைத் திருத்த வேண்டும். அங்கே திருத்தியிருக்க மாட்டார்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிந்ததென்றால் அது மெட்டாமெரிசம். நிறம் பார்க்கிற லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம் மாதிரி), டிஎல்84 (கடை டியூப்லைட் மாதிரி) இரண்டிலும் வைத்துப் பாருங்கள். டாப்பிங்குக்கு அனுப்பும்போது பாடி ஸ்வாட்சைக் கூடவே அனுப்புங்கள், பையர் அப்ரூவ் செய்த லேப் டிப்பை அனுப்பாதீர்கள். இப்போது ரிப் சேர வேண்டியது உங்கள் பாடியோடு.

தாராபுரத்துக்காரி:
இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

சாயத்தண்ணி அண்ணா, உங்கள் மூன்று கேள்வியையும் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நூல் லாட் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும், நேற்று எழுதும்போது விட்டுவிட்டேன். சீனியர் போனில் தனியாகப் போடு என்றபோது எனக்கு மனசுக்குள் இடித்தது. "ஷேடு மாறாதாங்கண்ணா" என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் "உனக்கு ஒண்ணுமே தெரியல" என்பாரே என்று விழுங்கிவிட்டேன். போன் லாக் பார்த்தேன், மாலை 6.40, நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்தில் ஒரு கேள்விக்கு இடம் இருந்தது.

இன்றைக்கு என்ன செய்தேன் என்றால், காலையில் சீனியர் டீக்கு வெளியே வந்தபோது போய் நின்றேன். பேக்கரி வாசலில் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் போகும்வரை நின்றேன், டீ ஆறிவிட்டது. "அண்ணா, நான் உங்ககிட்ட போன்ல கேட்டுத்தான் செஞ்சேன். சார்கிட்ட அதைச் சொல்லப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். கை நடுங்கியது, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர், "நான் சொன்னனா? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். சண்டை போடுவார் என்று தயாராகப் போனவளுக்கு இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஞாபகம் இல்லை என்பவரிடம் என்ன சண்டை போடுவது? "மாலை ஆறே முக்காலுக்குங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் எம்.டி.க்கு பழைய மெர்ச்சண்டைசர் அண்ணா எழுதிக் கொடுத்ததை வாட்ஸ்அப்பில் போட்டேன். கூடவே "எனக்குச் சந்தேகம் இருந்தது, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

பழைய மெர்ச்சண்டைசர்:
அந்த ஒரு வரியை நான் சேர்க்கச் சொல்லியிருக்க மாட்டேன். பாதிக் கழுத்தை நீங்களே நீட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. போகட்டும், போட்டாகிவிட்டது.

பவர்டேபிள் முதலாளி:
எனக்கு அந்த வரிதான் பிடித்தது. அது இருப்பதால்தான் மேலே உள்ள நான்கு வரியை நம்புவேன்.

செக்கிங் டேபிள்:
ரிப் வெளுப்பா அழுத்தமா? அதைச் சொல்லுங்க முதலில்.

தாராபுரத்துக்காரி:
வெளுப்பு அக்கா. நூல் லாட்டும் வேறுதான், கோடவுன் அண்ணா பையைத் திருப்பிக் காட்டினார்.

(ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், யாராவது காத்திருந்தால் மன்னிக்கவும்.)

ரோலாக மீதி இருந்த ரிப்பை டாப்பிங்குக்கு எடுத்துக்கொண்டு நானே டையிங்குக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டியதில்லை, போனிலேயே வேலை ஓடிவிட்டது. மாஸ்டர் ஒரு ஓரத்தை வெட்டி, ஈரத்தோடு பார்க்கக் கூடாது என்று அயர்ன் பாக்ஸில் காய வைத்து, பாடி ஸ்வாட்சோடு ஒட்டி லைட் பாக்ஸுக்குள் வைத்தார். முதல் தடவை சிவப்பு தூக்கலாக இருந்தது. எனக்குத் தெரியவே இல்லை, அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. மூன்றாவது தடவை, "இப்பப் பாரு கண்ணு" என்றார். டி65இல் சேர்ந்தது, டிஎல்84இல் சேர்ந்தது, அப்புறம் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலிலும் பார்த்தோம். பையருக்கு ஸ்வாட்ச் அனுப்பி ஓகே வாங்கினோம்.

தைத்த 600 பீஸுக்கும் கழுத்தைப் பிரித்தார்கள். ஓவர்லாக் பிரிப்பது என்ன பாடு என்று அந்த டேபிளில் போய் உட்கார்ந்தபிறகுதான் புரிந்தது, நான் இரண்டு மணி நேரத்தில் 11 பீஸ் பிரித்தேன், அதிலும் ஒன்றில் ஓட்டை விழுந்தது. முதலில் பார்த்துச் சொன்ன அக்கா சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மொத்தம் 43 பீஸ் வீணாகப் போனது. கண்டெய்னர் தூத்துக்குடிக்கு நான்கு நாள் தாமதமாகக் கிளம்பியது, ஏருக்குப் போகவில்லை.

எம்.டி. என் மெசேஜைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "தப்பா நெனச்சுட்டேன்" என்பது மாதிரி ஏதாவது வரும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தேன், இல்லை. ஆனால் அடுத்த மீட்டிங்கில் ரிப் என்ன ஆச்சு என்று சீனியரைக் கேட்காமல் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொன்னேன், கிலோ, தேதி எல்லாம் நோட்டைப் பார்க்காமல். சீனியர் ஸ்வாட்ச் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனில் என்ன சொன்னாலும் இப்போது உடனே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறேன், "அண்ணா நீங்க சொன்ன மாதிரி இன்னது செய்றேன், சரிதானுங்களா" என்று. இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "எல்லாத்துக்கும் மெசேஜா? என்ன கோர்ட்டுக்குப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "எனக்கு மறந்துருதுங்கண்ணா" என்றேன். அக்கவுண்ட்ஸ் அண்ணா இருமினார்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை. தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், செக்கிங் டேபிள் அக்கா.

கோட் அடிப்பவன்:
அப்போ வேலையை விடப்போவதில்லையா? இவ்வளவுக்கு அப்புறமும் அந்த ஆளுக்குக் கீழேயா?

தாராபுரத்துக்காரி:
வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன் அண்ணா, மறைக்க என்ன இருக்கிறது. அவினாசி ரோடு பக்கம், 4,000 ரூபாய் கூட. இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே மெர்ச்சண்டைசரை டையிங்குக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன், அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, நீங்கள் மெயில் மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள். அதுதான் யோசனையாக இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இன்று மாலை ஒன்று நடந்தது, அதை எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் அடித்தது, சீனியர். எடுப்பதற்குள் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிடலாம் என்று பார்த்தால் அவரே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக: "மெரூன் ஆர்டர்ல ரிப் 25 கிலோ குறையுது. தனியாப் போடலாமா?"

"நூல் லாட் எதுங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறேன். டைப்பிங் என்று காட்டியது, அப்புறம் நின்றுவிட்டது. இன்னும் பதில் வரவில்லை.

சாயத்தண்ணி:
மெரூனா? மெஷின் எது என்பதையும் கேளுங்க.